எல் நினோ வலுவிழக்குதாம்... நாம என்ன செய்யணும்?



டி.வி. செய்தியில் "எல் நினோ வலுவிழந்து வருகிறது" என்று சொன்னால் போதும். அடுத்த குழுக் கூட்டத்தில் ஒரு கேள்வி தவறாமல் வரும். "அப்படின்னா இந்த வருஷம் மழை நல்லா பெய்யுமா? மீன் வரத்து கூடுமா? கருவாட்டுத் தொழிலுக்குக் கடன் போட்டால் கட்டிடலாமா?"

கேள்வி நியாயமானது. எல் நினோ பெரும்பாலும் வலுவிழப்பது மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி மாதங்களில். நம்ம கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வலை பழுது பார்க்கணும், எஞ்சின் வேலை இருக்கும், ஸ்கூல் ஃபீஸ் வேறு. கையில் காசு இல்லாத நேரத்தில்தான் "கெட்ட காலம் போகுது" என்ற செய்தியும் வருது. கடன் கேட்டு விண்ணப்பம் எழுதும்போது அந்தச் செய்தி மனசில் ஓடாமல் இருக்குமா? அதனால்தான் இந்த விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்க்க நினைத்தோம்.

எல் நினோ என்றால் என்ன?

இந்தப் பெயரை வைத்தவர்கள் விஞ்ஞானிகள் இல்லை. நம்மைப் போன்ற கடற்கரை மக்கள்தான். தென் அமெரிக்காவில் பெரு என்று ஒரு நாடு. அங்கே சில வருஷங்களில் கிறிஸ்துமஸ் சமயத்தில் கடல் தண்ணி வழக்கத்தை விட வெதுவெதுப்பாகிவிடும். மீன் கிடைக்காது. கிறிஸ்துமஸ் சமயத்தில் வருவதால் அதற்குக் குழந்தை ஏசுவின் பெயரைச் சொல்லி "எல் நினோ" என்றார்கள். அவர்கள் மொழியில் சின்னப் பையன் என்று அர்த்தம். அதற்கு எதிரான நிலைமைக்குப் பிற்காலத்தில் வைத்த பெயர் "லா நினா", அதாவது சின்னப் பெண். (மீனை ஓட்டுகிற பயலுக்கு இவ்வளவு செல்லப் பெயரா என்று கேட்காதீங்க!)

பசிபிக் பெருங்கடலில் சாதாரண வருஷங்களில் காற்று கிழக்கிலிருந்து மேற்காக, பெருவிலிருந்து இந்தோனேசியா பக்கமாக ஓயாமல் வீசும். அகலமான அண்டாவில் தண்ணி வைத்து ஒரு பக்கமிருந்து ஊதிப் பாருங்க, மேலே இருக்கும் தண்ணி எதிர்ப்பக்கம் போய் ஒதுங்கும். அதே மாதிரி வெயிலில் சூடான மேல் தண்ணி இந்தோனேசியா பக்கம் குவியும். அங்கே கடல் மட்டமே பெரு பக்கத்தைவிட அரை மீட்டர் அளவுக்கு உயர்ந்து நிற்கும் என்றால் பாருங்களேன்! பெரு பக்கம் மேல் தண்ணி விலகுவதால் அடியிலிருந்து குளிர்ந்த தண்ணி ஏறி வரும். அந்தக் குளிர்ந்த தண்ணியில்தான் மீனுக்கு இரை. நம்ம நெத்திலிக்கு ஒண்ணுவிட்ட சொந்தமான ஒரு மீன் அங்கே கூட்டம் கூட்டமாக வரும். உலகத்திலேயே மிகப் பெரிய மீன்பிடித் தொழில்களில் அது ஒன்று.

எல் நினோ வரும்போது அந்தக் காற்று தளர்ந்துவிடும். குவிந்திருந்த சூடான தண்ணி திரும்பி கிழக்கே பரவும். சூடான தண்ணி இருக்கும் இடத்தில்தான் ஆவி எழும்பி மேகம் கட்டும். இட்லிப் பானையை இந்த அடுப்பிலிருந்து அந்த அடுப்புக்கு மாற்றினால் ஆவியும் அங்கேதானே வரும்? அப்படி மேகமும் மழையும் இடம் மாறுது. அதன் இழுப்பு உலகத்தின் பல மூலைகளுக்கும் போகுது. பெருவில் 2023ஆம் ஆண்டு எல் நினோ வந்தபோது, அந்த வருஷத்து முதல் மீன்பிடிப் பருவத்தையே அரசாங்கம் ரத்து செய்தது. அங்கேயும் பெண்கள் கடன் தவணையை நினைத்துத்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

இந்தியாவில் எல் நினோ வருஷங்களில் தென்மேற்குப் பருவமழை அடிக்கடி குறைந்து போகும். 2023 ஆகஸ்ட் மாதம், 1901க்குப் பிறகு நாடு கண்ட மிக வறண்ட ஆகஸ்ட். இன்னும் பின்னால் போனால், பாட்டிமார் கதையாகச் சொன்ன தாது வருஷப் பஞ்சம் இருக்கிறது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கில் மக்கள் செத்தார்கள். 1877இல் வந்த கடுமையான எல் நினோவுக்கு அதில் பெரிய பங்கு உண்டு என்று இன்றைக்கு ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். மழை பெய்யாததற்கு எல் நினோ காரணம். ஆனால் தானியத்தை ஏற்றுமதி செய்துகொண்டே மக்களைப் பட்டினி போட்டது அன்றைய வெள்ளைக்கார ஆட்சி. அதற்குப் பழியைக் கடல்மேல் போட முடியாது.

அந்தப் பஞ்ச காலத்துக்குப் பிறகு மழையை முன்கூட்டிச் சொல்ல வழி தேடினார்கள். 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர் என்பவர் உலகம் பூராவும் உள்ள கணக்குகளைச் சேர்த்துப் பார்த்தார். பசிபிக் பக்கம் காற்றழுத்தம் கூடினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் குறையுது, அங்கே குறைந்தால் இங்கே கூடுது. பிள்ளைகள் விளையாடும் ஏற்றப்பலகை மாதிரி! இன்றைக்கும் டஹிடி தீவிலும் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரத்திலும் காற்றழுத்தத்தை எடுத்துக் கழித்துப் பார்த்துத்தான் எல் நினோவின் பலத்தை ஒரு கணக்காகச் சொல்கிறார்கள்.

வலுவிழப்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

சோத்துப் பானையை இறக்கி வைத்த பிறகும் நடுவில் கையை விட முடியுமா? ஓரம் ஆறினாலும் உள்ளே சுடும். கடல் இதற்கு நேர் எதிர். எல் நினோ தளரும்போது பெரும்பாலும் அடியில்தான் முதலில் குளிரும். மேலே இன்னும் சூடாக இருக்கும்போதே, 50 மீட்டர், 100 மீட்டர் ஆழத்தில் குளிர்ந்த தண்ணி மெல்ல மெல்லக் கிழக்கே நகர்ந்து வரும். பிறகு மேல் தண்ணி குளிரும். கிழக்குக் காற்று பழையபடி பலம் பெறும். மேகக் கூட்டம் தன் பழைய இடத்துக்குத் திரும்பும். கடல் மாறிவிட்டாலும் காற்று உடனே மாறாது; அதற்குச் சில வாரம், சில மாதம் ஆகலாம். அதனால் கடலை மட்டும் பார்த்தாலும் தப்பு, வானத்தை மட்டும் பார்த்தாலும் தப்பு. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்கணும்.

அடித் தண்ணியின் சூட்டை எப்படி அளப்பது? பசிபிக் கடலின் குறுக்கே வரிசையாக மிதவைகளை நங்கூரம் போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். ஒவ்வொரு மிதவையிலிருந்தும் ஆழத்துக்குக் கம்பி தொங்கும். அதில் அங்கங்கே வெப்பம் அளக்கும் கருவி. மேலே காற்று அளக்கும் கருவி. இதற்கு ஒரு கதை உண்டு. 1982ஆம் ஆண்டு பெரிய எல் நினோ உருவானபோது விஞ்ஞானிகளுக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. அந்த வருஷம் மெக்சிகோவில் எரிமலை வெடித்துக் கிளம்பிய தூசியால் செயற்கைக்கோள் கணக்கும் தப்பாக வந்தது. எல் நினோ வந்து உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. அந்த அடிக்குப் பிறகுதான் மிதவைகளைப் போட ஆரம்பித்து, 1994க்குள் வரிசையை முடித்தார்கள். ஆனால் 2012க்குப் பிறகு பழுது பார்க்கக் கப்பல் போவது குறைந்தது. 2014 ஆரம்பத்தில் பாதிக்கும் குறைவான தகவல்தான் வந்துகொண்டிருந்தது. பார்க்கிற கண்ணையே மூடிவிட்ட மாதிரி! பிறகுதான் விழித்துக்கொண்டு சரி செய்தார்கள்.

மிதவைகள் தவிர, நங்கூரம் இல்லாமல் உலகக் கடல் எங்கும் மிதக்கும் கிட்டத்தட்ட 4,000 தானியங்கிக் கருவிகள் இருக்கின்றன. பத்து நாளைக்கு ஒருமுறை 2,000 மீட்டர் ஆழம் வரை முங்கி, சூட்டையும் உப்பையும் அளந்துகொண்டு மேலே வந்து செயற்கைக்கோளுக்குச் சொல்லிவிட்டு மறுபடி முங்கும். முத்துக் குளிக்கிறவர் தோற்றார்! நம்ம நாட்டில் ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசிய கடல் தகவல் சேவை மையம் இந்தக் கருவிகளின் கணக்கைச் சேகரிக்குது. வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் மிதவைகளை நிறுத்திப் பராமரிப்பது சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம்.

"முடிந்தது" என்று யார் சொல்வது?

இதில்தான் நிறையப் பேர் குழம்புகிறோம். ஆஸ்திரேலிய வானிலை அலுவலகம் 2024 ஏப்ரல் 16ஆம் தேதி "எல் நினோ முடிந்தது" என்றது. அமெரிக்கக் கடல், வானிலை ஆய்வு நிறுவனம் அதையே சொன்னது ஜூன் 13ஆம் தேதி. இரண்டு மாத வித்தியாசம்! யார் பொய் சொன்னது? யாரும் இல்லை. பசிபிக்கின் நடுவில் குறிப்பிட்ட ஒரு பகுதியின் சராசரிச் சூடு வழக்கத்தைவிட 0.5 டிகிரி கூடினால் அமெரிக்கர்களுக்கு அது எல் நினோ அளவு. ஆஸ்திரேலியர்களுக்கு 0.8 டிகிரி. ஒருவர் அரைப்படி, ஒருவர் முக்கால் படி வைத்து அளந்தால் கணக்கு வேறாகத்தானே இருக்கும்?

இன்னொன்றும் தெரிந்துகொள்ளணும். மார்ச் முதல் மே வரை உள்ள மாதங்களில், அடுத்து லா நினா வருமா, சாதாரண நிலை நீடிக்குமா, மறுபடி எல் நினோ திரும்புமா என்று போடும் கணிப்பு அடிக்கடி பிசகும். அந்த மாதங்களில் பசிபிக் கடலும் காற்றும் எந்தப் பக்கமும் சாயலாம் என்ற நிலையில் இருக்கும். பெரிய பெரிய கம்ப்யூட்டர்களும் அங்கே தடுமாறுது. நாம கடன் கேட்டு உட்கார்ந்திருக்கும் அதே மாதங்கள்தான்!

சரி, நல்லவாட்டுக்கும் பாகூருக்கும் என்ன ஆகும்?

இங்கே கதையே மாறுது. நமக்கு ஒரு வருஷத்து மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழைதான். இந்த மழை, எல் நினோ வருஷங்களில் கூடுதலாகப் பெய்யும் சாய்வு உள்ளது. நாட்டின் மற்ற பகுதிக்குக் கெட்டது நமக்குச் சில சமயம் மழை! 2015இல் பலமான எல் நினோ இருந்தது. அந்த நவம்பர், டிசம்பரில் கடலூரும் சென்னையும் மூழ்கியதை யாரால் மறக்க முடியும்?

அந்த எல் நினோ 2016 நடுவில் முடிந்தது. "ஆபத்து போச்சு" என்று எல்லோரும் நினைத்தோம். தென்மேற்குப் பருவமழை நாட்டுக்குக் கிட்டத்தட்ட இயல்பாகவே பெய்தது. ஆனால் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சி பாதித்த பகுதியாக அறிவித்தார்கள். எல் நினோ போனதை நம்பிக் கடன் வாங்கி நாற்று விட்டவர்களுக்கு, போனதே வினையாக முடிந்தது.

எட்டு வருஷம் கழித்து 2024. அதே மாதிரி ஜூன் மாதத்தில் எல் நினோ முடிந்தது. இந்தத் தடவை என்ன நடந்தது? நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரை கடந்து, நகர்ந்து போகாமல் அப்படியே நின்றது. ஒரே நாளில் புதுச்சேரியில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை.  இரண்டு நாளில் சாத்தனூர் அணை திறந்து, தென்பெண்ணை ஆற்றில் வெள்ளம் வந்து, பாகூர் பக்கத்து ஊர்கள் தண்ணியில் நின்றன. மாடு, நெல், வீட்டுச் சாமான் எல்லாம் போன குடும்பங்கள் நம் குழுக்களிலேயே உண்டு.

எல் நினோ முடிந்த இரண்டு வருஷங்கள். ஒன்றில் வறட்சி, ஒன்றில் வெள்ளம். காரணம், நமக்கு மழை தருவது பசிபிக் மட்டும் இல்லை. இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பக்கமும் கிழக்குப் பக்கமும் எது சூடாக இருக்கு என்பது ஒன்று. பூமியின் நடுக்கோட்டைச் சுற்றி 30 முதல் 60 நாளுக்கு ஒருமுறை வலம் வரும் பெரிய மேகக் கூட்டம் ஒன்று. வங்கக் கடலின் சொந்தச் சூடு ஒன்று. எல் நினோ உச்சத்துக்குப் போய் இறங்கிய பிறகும், இந்தியப் பெருங்கடல் சில மாதம் சூடாகவே இருக்கும். 2024 ஏப்ரல், மே வெயில் ஞாபகம் இருக்கா? அப்போது பசிபிக் ஆறிக்கொண்டிருந்தது. நம்ம பக்கம் கொதித்தது. லட்சத்தீவில் பவளப் பாறைகள் வெளுத்துப் போனதும் அந்தச் சமயத்தில்தான்.

மீனும் அப்படித்தான், உடனே திரும்பாது. 2015க்குப் பிறகு கேரளக் கரையில் மத்தி மீன் வரத்து வெகுவாகக் குறைந்தது. கொச்சியில் உள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் எல் நினோவையும் அதற்கு ஒரு காரணமாகச் சொன்னது. எல் நினோ போன மறு மாதமே மத்தி வந்து குதிக்கவில்லை. குஞ்சு பொரித்து வளரணும், இரை கிடைக்கணும்.

நல்லவாட்டுக்குத் தெரிந்த பாடம்

2004 டிசம்பர் 26 காலையில் சிங்கப்பூரில் வேலை பார்த்த நம்ம ஊர்ப் பிள்ளை ஒருவர் அங்கே டி.வி.யில் சுனாமி செய்தியைப் பார்த்து வீட்டுக்குப் போன் செய்தார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய கிராம அறிவு மையத்தின் பூட்டை உடைத்து, ஒலிபெருக்கியில் "எல்லோரும் கரையை விட்டு ஓடுங்க" என்று சொன்னார்கள். வீடும் படகும் போனது, உயிர்கள் தப்பின. 1998இல் வில்லியனூரைத் தலைமையாக வைத்து ஆரம்பித்த அந்த மையங்களில் முன்பே தினமும் அலையின் உயரத்தைக் கம்ப்யூட்டரில் எடுத்துக் கடற்கரை ஊர்களில் மைக்கில் சொல்லிவந்தார்கள். அதனால் ஒலிபெருக்கியில் கேட்டதை நம்பும் பழக்கம் ஊருக்கு இருந்தது.

சுனாமி நிலநடுக்கத்தால் வருவது. எல் நினோவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இங்கே சொல்ல வந்தது வேறு. சில செய்திக்கு நிமிஷத்தில் ஓடணும். புயல் செய்திக்கு இரண்டு மூன்று நாள் இருக்கு. துறைமுகத்தில் கூண்டு ஏற்றுவாங்க. எல் நினோ செய்திக்குக் கூண்டு கிடையாது. அது மாதக் கணக்கில் நகரும் விஷயம். அதைக் கேட்டு அன்றைக்கே முடிவு எடுக்க வேண்டியதில்லை.

அப்போ எதைக் கேட்டு முடிவெடுப்பது? இந்திய வானிலைத் துறை ஏப்ரல் நடுவில் தென்மேற்குப் பருவமழைக்கு முதல் கணிப்பு சொல்லும். மே கடைசியில் திருத்திச் சொல்லும். நமக்கு முக்கியமானது செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கத்தில் வரும் வடகிழக்குப் பருவமழைக் கணிப்பு. பாகூர் பக்கம் சம்பா நடவுக்குப் பெரிய கடன் போடுகிற குழுக்கள் அது வரை ஒரு பகுதியை நிறுத்தி வைக்கலாம். முழுத் தொகையையும் சித்திரையிலேயே எடுத்துவிட்டால் வட்டியும் ஓடும், மழையும் நம்ம கையில் இருக்காது. பயிர் விஷயம் கேட்கணும் என்றால் குரும்பாப்பேட்டில் உள்ள பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம். கடலுக்குப் போகிறவர்களுக்கு ஹைதராபாத் மையம் சொல்லும் அலை, காற்று, மீன் கூடும் இடம் பற்றிய தகவல்தான் அன்றாடம் பயன்படும்; எல் நினோ அல்ல.

கருவாட்டுத் தொழில் செய்யும் சகோதரிகளுக்குத் தனியாக ஒன்று. உங்களுக்கு வேண்டியது மழை இல்லாத நாலு நாள். அதை எல் நினோ செய்தி ஒருநாளும் சொல்லாது. ஐந்து நாள் வானிலை அறிக்கைதான் சொல்லும். தடைக்காலம் முடிந்து முதல் மீன் வந்ததும் மொத்தமாக வாங்கிப் போட நினைப்பவர்கள், தவணையை ஜூலையிலிருந்து ஆரம்பிக்கும்படி குழுவில் பேசித் தீர்மான நோட்டில் எழுதிக்கொள்வது நல்லது. ஐப்பசி, கார்த்திகைக்குக் குறைந்த தவணை என்று வைத்தால் இன்னும் நல்லது. மழை கூடினாலும் குறைந்தாலும் அந்த இரண்டு மாதம் யாருக்கும் வருமானம் சீராக இருப்பதில்லையே!

கடைசியாக வீட்டு ஆம்பளைகளிடம் சொல்ல ஒரு சேதி. நடுக்கடலில் நிற்கும் மிதவை ஓரம் மீன் கூடும் என்று சில படகுகள் அதில் கயிறு கட்டி நிற்குது. சில இடங்களில் சோலார் பலகையையும் பேட்டரியையும் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். மிதவை நின்றுபோனால் அந்தப் பக்கத்துக் காற்று, அலை, தண்ணிச் சூடு எதுவும் கரைக்குத் தெரியாது. புயல் எங்கே திரும்புது என்று பார்க்கிற கண்களில் அதுவும் ஒன்று. நம்ம படகு எதுவும் அதில் கயிறு கட்டாமல் இருக்க, ஊர்ப் பஞ்சாயத்தில் இதைப் பேச வைப்பதற்கு அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவரலாம் என்று இருக்கிறோம். வரும்போது உங்கள் குழுவின் கருத்தையும் எழுதிக்கொண்டு வாங்க.